பூக் கேட்டு வாங்கிய கியர்

ஒரு காருக்கு எந்தக் கியர் வைப்பது என்று முடிவு செய்வதற்காக நான் மூன்று கோயில்களில் பூக் கேட்டேன். வெளியில் சொல்லிக்கொள்ளக்கூடிய காரியமல்ல. மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்து வாரப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான்; வீட்டு அலமாரியில் தத்துவப் புத்தகங்களை உயர வரிசைப்படி அடுக்கி வைத்திருப்பவன். முதல் கோயிலில் கேட்டது மனைவியின் வற்புறுத்தலுக்காக என்று சொல்லித் தப்பிக்கலாம். மற்ற இரண்டும், முதல் கோயிலின் பதில் எனக்குப் பிடிக்காததால் நானாகத் தேடிப் போய்க் கேட்டவை.

பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே காகிதத்தில் மடித்து, எது எதுவென்று தெரியாதபடி சாமி காலடியில் போட்டு, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிப்பார்கள். எங்கள் வீட்டில் வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். சம்பந்தம் பேசுவது, கிணறு வெட்டுவது, நிலம் வாங்குவது எல்லாம் அப்படித்தான் நடந்திருக்கின்றன. கியருக்குக் கேட்டவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

கோயம்புத்தூரில் பம்புசெட்டுக்கு உதிரி பாகம் செய்யும் சிறிய பட்டறை என்னுடையது. அதுவரை நான் வாங்கிய கார் எதுவும் எனக்காக வாங்கியதில்லை. முதல் கார், யாரோ விற்றதால் வாங்கியது. அடுத்தது, மாமியார் குனியாமல் ஏறி உட்கார வேண்டும் என்று உயரமாகப் பார்த்து வாங்கியது. அதற்கடுத்தது, பொள்ளாச்சித் தோட்டத்திலிருந்து வரும் தேங்காய் மூட்டைக்காகப் பெரிய டிக்கியும், மகளுக்காகப் பின் சீட்டில் ஏசியும் வைத்தது. கடைசியாக வந்தது ஆட்டோமேட்டிக். அதில் வண்டி தானாகப் போகும். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு கூடவே போவேன். இப்போது மகள் வேலைக்குப் பெங்களூர் போய்விட்டாள். மாமியார் காலமாகிவிட்டார். தேங்காய் லாரி பார்சலில் வருகிறது. பின் சீட்டில் ஒரு குடை மட்டும் கிடக்கிறது.

எனவே ஐம்பதைத் தாண்டிய வயதில், இரண்டு கதவு உள்ள ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதென்று தீர்மானித்தேன். அவிநாசி ரோட்டு ஷோரூமுக்கு மனைவியும் வந்தாள். அங்கிருந்த பெண் காபி கொடுத்து உட்கார வைத்து, பெரிய திரையில் காரைச் சுழல விட்டாள். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் சீட் என்ற பெயரில் ஒரு மடிப்பு.

"பின்னாடி யாருங் சார் உக்காருவாங்க?"

"கொடைங்க" என்றேன்.

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் என் மனைவியைப் பார்த்தாள்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள். சீட்டுத் தையலுக்கு எந்த நிறத்து நூல் என்பதற்கே ஒரு தனிப் பக்கம். சட்டைப் பொத்தான் விழுந்தால் கையில் கிடைத்த நூலில் தைத்துக்கொள்ளும் ஆள் நான். புகைக்குழாயில் இரண்டு வகை. இரண்டின் சத்தத்தையும் ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினாள். ஒன்று உறுமல். இன்னொன்று அதைவிடக் கோபமான உறுமல்.

"ரெண்டும் நம்மூட்டு மிக்ஸியாட்டவே இருக்குதுங்க" என்றாள் மனைவி.

வண்டியை இன்னும் கொஞ்சம் தாழ்த்தித் தரலாம், வளைவில் ரோட்டை ஒட்டிப் போகும் என்றாள் அந்தப் பெண். எங்கள் வீதி முனையில் குடியிருப்போர் சங்கத்தார் கட்டிய வேகத்தடை ஒன்று இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் மருதமலை தெரியும். தாழ்த்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நிறத்தில் தகராறு வந்தது. நான் சாம்பல் என்றேன். மனைவிக்குத் திரையில் சுழன்ற சிவப்பின் மேலேயே கண். நரைத்த மீசைக்காரன் சிவப்புக் காரில் போனால் ஊர் என்ன சொல்லும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படிப் போன ஒருவரைப் பற்றி அதையெல்லாம் நானே ஒரு கட்டுரையில் சொல்லியிருக்கிறேன். நிறத்தைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்தோம்.

"கியரு ஆட்டோமேட்டிக்கே போட்டுரலாமுங்களா சார்?"

"மேனுவல்" என்றேன். பெண் கேட்க வந்த மாப்பிள்ளை, பெண்ணின் அப்பாவிடம் பேசுகிற குரலில் அது வெளிவந்தது.

"கையில போடற கியரை இப்ப யாரும் கேக்கறதில்லீங் சார். இந்த வண்டியோட அதை நிறுத்தப்போறாங்க. வேணும்னா இந்த வாரத்துக்குள்ள சொல்லிரணுங்க."

மனைவி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "அவருக்கு எடது முழங்கால் சுத்தமா ஆகாது கண்ணு. கிளட்ச மிதிச்சு மிதிச்சு எடுக்க முடியுமா? பாத்ரூம்லயே வெஸ்டர்ன் போட்டுத்தான் சமாளிக்கறாரு."

திரையில் சுழன்றுகொண்டிருந்த கார்கூட ஒரு நொடி தயங்கியதுபோல் எனக்குத் தோன்றியது.

எனக்கு அந்தக் கியர் எதற்கு என்பதை நான் அங்கே சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில், அந்த முதல் காரில் நானும் அவளும் வால்பாறை போனோம். ஆழியாறைத் தாண்டினால் மலை. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். நான் ஓட்டக் கற்று அதிக நாளாகவில்லை. அவளோ அப்பாவின் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி வளர்ந்தவள். நாலாவது வளைவில் நான் கிளட்சை மிதித்ததும் அவளுடைய வலது கை வந்து கியரைப் போட்டது. முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வளைவிலும் அந்தக் கை வந்தது. பிறகு நான் "ரெண்டு" என்பேன், போடுவாள். "மூணு" என்பேன், போடுவாள். ஒவ்வொரு தடவையும் அவளுடைய கண்ணாடி வளையல்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து சத்தம் போடும். என் காலும் அவள் கையுமாக ஒரு வண்டியை மலைமேல் ஏற்றினோம். கூட்டுக் குடும்பத்தில் நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசிக்கொள்ள வாய்க்காத காலம் அது. எங்கள் கல்யாணம் எந்த இடத்தில் நடந்தது என்று கேட்டால் நான் மண்டபத்தைச் சொல்ல மாட்டேன். அந்த நாலாவது வளைவைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு சேர்ந்து எத்தனையோ செய்திருக்கிறோம். பிள்ளை வளர்த்தோம், ஆஸ்பத்திரி வராந்தாவில் மாறி மாறி உட்கார்ந்திருந்தோம். அந்த வளையல் சத்தம் மட்டும் திரும்ப வரவில்லை. ஆட்டோமேட்டிக் வந்தபின் எங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது டம்ளர் வைக்கும் பள்ளம். அதில் அவள் ஏலக்காய் போட்டு வைத்திருக்கிறாள்.

இதை அவளிடம் சொன்னால் சிரிப்பாள் என்று பயம். மறந்தே போயிருப்பாள் என்று அதைவிடப் பயம்.

வீட்டில் பேச்சு நகரவில்லை. நான் கியர் என்பேன், அவள் முழங்கால் என்பாள். கடைசியில் அவளே வழி சொன்னாள். "எதுக்குங்க வம்பு? பூக் கேட்டுப் பாத்தரலாம். சாமி என்ன சொல்லுதோ அதுக்குக் கட்டுப்படோணும்."

வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்குச் செவ்வரளி. அவளே மடித்தாள். எங்கள் வீதிப் பிள்ளையார் கோயில் பூசாரி பொட்டலங்களை வாங்கிக்கொண்டு, "என்ன காரியமுங்க? கண்ணாலமுங்களா?" என்றார்.

"இல்லீங்க."

"போர் போடறீங்களா?"

"கியருங்க."

பூசாரி தட்டோடு அப்படியே நின்றார். "எதுவா இருந்தாலும் மனசுக்குள்ளயே நெனச்சுக்குங்க. சாமி வெளங்கிக்கும்."

நினைத்தேன். அவர் பிரித்த பொட்டலத்தில் செவ்வரளி.

"செரி, முடிஞ்சுதுங்க" என்றாள் மனைவி.

"பிள்ளையாரைக் கேட்டது தப்பு அம்மணி. அவரோட வாகனத்துக்கு ஏது கியரு?" என்றேன்.

வெள்ளிக்கிழமை பொள்ளாச்சிப் பக்கம் ஒரு அம்மன் கோயிலுக்குப் போனோம். நல்ல கூட்டம். அங்கும் செவ்வரளி. அம்மன் கோயில் வாசலிலேயே நான் ஒரு வாதத்தைக் கண்டுபிடித்தேன். குதிரையில் போகிற சாமியைத்தான் கேட்க வேண்டும். நடை, ஓட்டம், பாய்ச்சல் என்று மாற்றி மாற்றிப் போகிற வாகனம். அந்தச் சாமிக்குத்தான் என் கஷ்டம் புரியும். மனைவி என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆனைமலைப் பக்கம் அவளுடைய பிறந்த வீட்டுத் தோட்டத்து எல்லையில் இருக்கும் கருப்பண்ணசாமியிடம் கூட்டிப் போனாள். சாமிக்கு முன்னால் நல்ல உயரமான மண்குதிரை நின்றது. அதன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். என் புத்தக அலமாரி அந்த நேரத்தில் என்னைப் பார்க்காதது நல்லதாயிற்று.

செவ்வரளி.

"வெசனப்படாதீங்க" என்றார் அங்கிருந்த பூசாரி. "அடுத்த வருசம் வந்து மறுக்காக் கேட்டுக்கலாமுங்க."

அடுத்த வருடம் அந்தக் கியரே இருக்காது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

கோயம்புத்தூருக்குத் திரும்பினோம். பொள்ளாச்சி தாண்டியது. ஒரு லாரிக்குப் பின்னால் வேகத்தைக் குறைத்தபோது மனைவி கேட்டாள், "ஏனுங்க, காலு வலிக்குதுங்களா?"

"இல்லியே."

"அப்பறம் எதுக்குங்க வெறுந்தரைய மிதிச்சுட்டே வாறீங்க?"

குனிந்து பார்த்தேன். என் இடது கால், இல்லாத கிளட்சின் மேல் அழுந்தியிருந்தது. இடது கை, ஏலக்காய்ப் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கிணத்துக்கடவு வரும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மூணு பக்கமும் செவப்புத்தானுங்களே வந்துது?" என்றாள்.

"ஆமா."

"நாமதான் வெளங்காமப் போயிட்டமாட்ட இருக்குதுங்க. சாமி கலரச் சொல்லீருக்குது."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். லாரிக்காரர் பிரேக் போட்டார், நானும் போட்டேன்.

"ரோட்டப் பாருங்க. நீங்க மனசுக்குள்ள கியருன்னு நெனச்சுட்டு நின்னீங்க. நான் பக்கத்துலயே கலர நெனச்சுட்டு நின்னேன். சாமி எனக்குப் பதில் சொல்லீருக்குது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஷோரூம் பெண்ணைப் போனில் கூப்பிட்டாள். "கண்ணு, செவப்பு. ஆமா, முடிவு பண்ணியாச்சு. கியரா? அவரு கேட்டதையே போட்டுருங்க. முட்டிக்குத் தைலம் தேச்சு உடறவ நான் இருக்கறேனே."

மூன்று தெய்வங்களின் தீர்ப்பை ஒரே போன் காலில் திருத்தி எழுதிவிட்டு, பள்ளத்திலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மூன்று பேரில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் கார் வந்தது. சிவப்பு என்றால் சாதாரணச் சிவப்பு இல்லை. வீதியில் நிறுத்தினால் எதிர்வீட்டுச் சுவர் சிவந்தது. வேகத்தடையை நான் குறுக்காக, கோணலாக, கடவுளை நினைத்தபடி கடப்பதை வாட்ச்மேன் தினமும் எழுந்து நின்று பார்த்தார். எனக்கு அதெல்லாம் பொருட்டாக இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமையே விடிந்ததும் அவளை ஏற்றிக்கொண்டு ஆழியாறு ரோட்டைப் பிடித்தேன். எங்கே போகிறோம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை.

பொள்ளாச்சிக்கு முன்பே முழங்கால் தன் கருத்தைத் தெரிவிக்கத் தொடங்கிவிட்டது. அது கேட்காதபடி நான் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே ஓட்டினேன். மலை தொடங்கியது. முதல் வளைவுகளை நானே ஏற்றினேன். கியர் கொஞ்சம் முரண்டு பிடித்தது; புது வண்டி. நாலாவது வளைவு வந்தது. கிளட்சை மிதித்தேன். இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டு, "ரெண்டு" என்றேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அவள் கீழே தெரிந்த அணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இப்போது தங்க வளையல். அது அவ்வளவாகச் சத்தம் போடாது.

"ரெண்டு, அம்மணி."

"என்னங்க ரெண்டு?"

வண்டி தளர்ந்து நின்று பின்னால் சரியப் பார்த்தது. பின்னால் வந்த பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. நானே நறநறவென்று கியரைப் போட்டு, வளைவைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். பஸ் எங்களைக் கடந்து போனபோது ஜன்னலோரத்து முகங்களெல்லாம் சிவப்புக் காரையும் அதனுள் இருந்த மீசையையும் பார்த்தன.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். முதல் காரை, இந்த வளைவை, கேட்காமலே வந்த அவள் கையை, வளையல் சத்தத்தை. இதற்காகத்தான் மேனுவல், இதற்காகத்தான் மூன்று கோயில் என்றேன். அவள் மறக்கவில்லை, சொல்லச் சொல்ல முகத்தில் அது தெரிந்தது. கியர்த் தலையை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"அது ஆசையிலயாங்க போட்டேன்?" என்றாள். "நீங்க ஒவ்வொரு வளைவுலயும் நறநறன்னு அரைச்சீங்க. எங்கூட்டு டிராக்டர்லகூட அப்பிடிச் சத்தம் நான் கேட்டதில்ல. மலை ஏறறதுக்குள்ள கியர்பாக்ஸ் கழண்டு உழுந்துருமோன்னு பயந்துதானுங்க நானே போட்டுட்டு வந்தேன். இப்பவும் அதே சத்தந்தான் வருது, பாத்துக்குங்க."