வீரையன் தவறி ஏறிய மேடை

பூதலூர் பக்கத்தில் வீரையனைத் தெரியாத ஆள் கிடையாது. நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறவன். ஆத்தூர்க்காரர்கள் மெஷினோடு வந்து இறங்கிய காலத்திலேயே அவர்கள் பின்னால் சுத்தித் தொழிலைக் கத்துக்கொண்டான். தொழிலில் படுசுத்தம். குடியில் அதைவிடச் சுத்தம், ஒரு நாளும் தவறாது.

போன தையில் வேம்பு என்பவர் வயலை அறுக்கச் சொன்னால், மப்பில் வரப்பைத் தாண்டிப் போய்க் காத்தான் வயலில் பால் பிடித்து நின்ற பச்சைப் பயிரையும் அறுத்துத் தள்ளிவிட்டான். காத்தான் வரப்பில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். ஊர் ஒரு மாசம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

மெஷின் முதலாளி தியாகராசன், துபாய்ச் சம்பாத்தியத்தில் அதை வாங்கிப் போட்டவர். அன்றைக்கே சாவியைப் பிடுங்கிக்கொண்டார். மறுபடி தை நெருங்கியபோது கூப்பிட்டுச் சொன்னார்.

"டேய் வீரையா, தஞ்சாவூர்ல குடியை விடுறவங்க கூட்டம் ஒண்ணு நடக்குதாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், பழைய பஸ்டாண்டுகிட்ட ஒரு பள்ளிக்கூட மாடி. போய் உட்காந்துட்டு வந்தா சாவி. இல்லைன்னா ஆத்தூர்லேருந்து ஆள் வருது."

மெஷின் வந்ததும் அரிவாள் பிடித்த கையெல்லாம் திருப்பூருக்கு ரயில் ஏறிவிட்டது. சாவி இல்லையென்றால் வீரையனும் அந்த ரயில்தான்.

வெள்ளிக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினான். ஊரில் பட்டப்பகலில் வேட்டி அவிழ்ந்து கிடந்தபோது வராத வெட்கம், தஞ்சாவூரில் வழி கேட்கும்போது வந்து தொலைத்தது. டீக்கடையில் என்ன கூட்டம் என்று சொல்லாமலே கேட்டான்.

"இங்க மீட்டிங் எங்கங்க நடக்குது?"

"அந்தா, லாட்ஜ் ஹால். டை கட்டினவனெல்லாம் போறான் பாருங்க."

உள்ளே ஏசி. மெத்தை வைத்த நாற்காலி. குடிகாரனுக்கு இவ்வளவு மரியாதையா என்று வீரையன் அசந்துபோனான். மேடையில் ஒருத்தன் மைக்கைப் பிடித்து அழுதுகொண்டிருந்தான்.

"என் பேரு ராஜராஜன். போன வருஷம் வரைக்கும் என்னை ஒரு நாய் மதிக்கல. பொண்டாட்டி மூஞ்சி குடுத்துப் பேசல. இங்க வந்தேன், என் வாழ்க்கையே மாறிப்போச்சு!"

கூரை அதிரக் கைதட்டல். அடுத்து பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா ஏறி அதையே சொன்னது. 'அடப்பாவிகளா, பொம்பளைகளுமா?' என்று வீரையன் வாயைப் பிளந்தான். ஆனாலும் இத்தனை பேரு விட்டிருக்கிறார்களே என்று தைரியம் வந்தது. கோட்டுப் போட்ட ஆள் ஒருத்தர், "புதுசா வந்தவங்க யாராச்சும் மனசு விட்டுப் பேசுறீங்களா?" என்றதும் கையைத் தூக்கிவிட்டான்.

"எம்பேரு வீரையன். நான் குடிகாரங்க. குடிச்சிட்டு ஒருத்தர் பயிரை அழிச்சேன். இனிமே வேணாம்னு வந்திருக்கேன்."

ஹால் கொஞ்சம் முழித்தது. கோட்டுக்காரர் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டார். "இதுதாங்க உண்மை! எந்தப் பள்ளத்துலேருந்தும் மேல வரலாம்!" விசில் பறந்தது. வீரையனுக்குக் கண்ணில் தண்ணி.

"அண்ணே, உங்க ஊர்லேருந்து எத்தனை பேரைச் சேத்து விடுவீங்க?"

"எங்க தெருவுலயே இருவது பேரு இருக்காங்க."

"இருவதா! ஒரே வருஷத்துல கார்ல போவீங்கண்ணே!"

"காரெல்லாம் வேணாங்க. மெஷின் சாவி கெடைச்சாப் போதும்."

அதற்கும் கைதட்டினார்கள். கீழே இறங்கினதும் ஒரு பையை மடியில் வைத்தார்கள். சோப்பு, பேஸ்ட்டு, ஒரு பவுடர் டப்பா. மெம்பர் ஆவதற்குப் பணம் கட்டணுமாம்.

"குடியை விடுறதுக்குச் சோப்பு எதுக்குங்க?"

"குடியை யாரு விடச் சொன்னா? அது உங்க இஷ்டம்ணே. நீங்க சோப்பை வித்தாப் போதும்."

பையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தான். வாசலில் இருந்த வாட்ச்மேன் இவன் மூஞ்சியைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"எதிர்த்த மாடிங்க. வாராவாரம் ஒருத்தராச்சும் இங்க நொழைஞ்சிட்டுத்தான் அங்க போறாங்க. சோப்பு வாங்கிட்டுப் போனவங்களும் உண்டு."

எதிர்த்த மாடியில் ஏசி இல்லை, மைக் இல்லை. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் தாடையில் இடிக்க ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வீரையன் பேரைச் சொல்லி, குடிகாரன் என்றான். ஒருத்தரும் கைதட்டவில்லை. நகர்ந்து இடம் விட்டார்கள், அவ்வளவுதான். அங்கே விசிலே அடித்தார்களே என்று இவனுக்குக் கோபம்கூட வந்ததாம். பச்சைப் பயிரை அறுத்த கதையைச் சொன்னான். ஊரில் அதற்குச் சிரிக்காத ஆள் இல்லை. இங்கே யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும் கேட்டார்.

"அந்த வயல்காரரை அப்புறம் பாத்தீங்களா?"

"இன்னும் இல்லீங்க," என்றான் வீரையன்.

மறுநாள் சாயங்காலம் முதலாளி வீட்டுக்குப் போனான். தியாகராசன் போர்ட்டிகோவில் துபாய் பாட்டிலும் சோடாவுமாக உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டுச் சரக்கு குடியில் சேராது, அது உடம்புக்கு நல்லது என்பது அவர் கட்சி.

"போனியாடா?"

"போனேங்க."

"என்ன அத்தாட்சி? சீட்டு கீட்டு குடுத்தாங்களா?"

"அங்க சீட்டெல்லாம் இல்லீங்க. விலாசம்கூடக் கேக்கல."

"அப்ப நான் எப்படிடா நம்புறது?"

வீரையன் குசும்பாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னான். "வர்ற வெள்ளிக்கிழமையும் போறேங்க. நீங்களும் கூட வாங்க. பேரு சொல்லிட்டு உக்காந்துக்கலாம், ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டாங்க."

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் விஜயலட்சுமி குரல் வந்தது. "நல்லதாப் போச்சு. வெள்ளிக்கிழமை நீங்க சும்மாத்தானே இருக்கீங்க, போய்ட்டு வாங்களேன்."

தியாகராசன் கிளாசைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் கையை விட்டு, சாவியை எடுத்து வீரையன் மேல் விட்டெறிந்தார்.

"போடா, போயி டீசல் அடி."