மூன்று வால்வு, இரண்டு பங்கு

சின்னவர் தன் வாழ்நாளில் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை, அண்ணனைத் தவிர. அதுவும் நினைத்ததோடு சரி. தனக்கு வேண்டிய கெடுதலைத் தானே செய்துகொள்ளும் திறமை அண்ணனுக்கு இருந்ததால், சின்னவர் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்தவர் சின்னவர். பெரியவர் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்றபோது இருவருக்கும் சொந்தமாகக் கால் ஊன்ற இடமில்லை. அப்பா விட்டுப்போன பழைய பாய்மரப் படகு மட்டும் துறைச் சுவரோரம் கட்டிக் கிடந்தது. அதிலேயே குடியேறினார்கள். சின்னவர் கட்டைப் பிரம்மச்சாரி. பெரியவருக்கு மனைவி உண்டு. சின்னவருக்கு அவர் அண்ணி, இருவருக்கும் அவர் பஞ்சாயத்து.

குடியேறிய வாரமே அடிதடி. தாய்மாமன் வந்தார். பெரிய நியாயஸ்தர், ஆனால் படகை அதுவரை காலண்டரில் மட்டுமே பார்த்தவர். உள்ளே இறங்கும்போது தலையை இடித்துக்கொண்டு, பாய்மரத்தின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார்.

"முன்பக்கம் பெரியவனுக்கு, பின்பக்கம் சின்னவனுக்கு. போகலாம், வரலாம். ஆனா ஒருத்தன் பங்குல இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது. ஆச்சா?"

ஏறும்போது மறுபடி இடித்துக்கொண்டார். அந்தத் தீர்ப்புக்கு இரண்டு இடி குறைவு.

கோட்டின்படி கழிப்பறை பெரியவருக்குப் போனது. அடுப்படியும் எஞ்சினும் சின்னவருக்கு. வீட்டைப் பிரித்தால் நடுவில் சுவர் எழுப்பலாம். படகுக்கு அடிப்பாகம் ஒன்றுதான். அந்த அடிப்பாகத்தில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, கடல்நீரை உள்ளே இழுக்க மூன்று ஓட்டைகள் இருந்தன. கழிப்பறைக்கு ஒன்று, பாத்திரம் கழுவ ஒன்று, எஞ்சினைக் குளிர்விக்க ஒன்று. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு வால்வு காவல். காவல் தூங்கினால் கடல் உள்ளே வரும். வந்தால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிற விருந்தாளி அல்ல அது.

சின்னவர் தன் இரண்டு வால்வுகளையும் பிள்ளை இல்லாதவர் வளர்க்கும் பிள்ளைபோல வளர்த்தார். தினமும் காலையில் மூடித் திறப்பார், இறுகிவிடக் கூடாது என்று. படகைக் கரையேற்றும்போதெல்லாம் உள்ளிருக்கும் வெண்கலக் கூம்பைக் கழற்றி, கண்ணாடி தேய்த்த அதே பொறுமையோடு தேய்த்து, கிரீஸ் பூசி மாட்டுவார். ரப்பர் குழாய்க்கு இரட்டைக் கிளிப். ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்திலேயே கூராகச் சீவிய மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். வால்வு உடைந்தால் அதை எடுத்து ஓட்டையில் அறைந்துவிடலாம்.

பெரியவர் தன் வால்வை மாற்றினார், ஒரே ஒருமுறை. தோட்டக் குழாய்க்கு விற்கிற பித்தளை வால்வை வாங்கி மாட்டி, திறந்துவைத்ததோடு மறந்துவிட்டார். ஒருநாள் சின்னவர் மனசு கேட்காமல் அதற்குக் கொஞ்சம் கிரீஸ் பூசப் போக, "என் பங்குல கை வைக்க அவன் யாருடி?" என்று பெரியவர் துறையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஆறடி அகல அறையில், ஒருவர் முழங்கால் இன்னொருவர் முழங்காலில் இடிக்க உட்கார்ந்தபடி, அண்ணி வழியாகப் பேசிக்கொண்டார்கள்.

மலிவுப் பித்தளை உப்புத் தண்ணீரில் கிடந்தால் அதிலுள்ள துத்தநாகம் கரைந்துபோகும். மிச்சம் இருப்பது இளஞ்சிவப்பாக, பார்க்க லட்சணமாக, பிஸ்கட்போல இருக்கும்.

"அண்ணி, அந்த வால்வு செவந்து போச்சு. உள்ள ஒண்ணுமில்ல, வெறும் பொக்கு. மாத்தச் சொல்லுங்க."

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கேட்காதவராகக் காத்திருந்தார்.

"வால்வை மாத்தணுமாம்" என்றார் அண்ணி.

"அவனோடது கருவண்டு மாதிரி கிடக்கு, என்னோடது ரோஜாப்பூ மாதிரி இருக்கு. வயித்தெரிச்சல்னு சொல்லு."

"பாத்துக்கறாராம் தம்பி."

"எனக்கும் காது இருக்கு அண்ணி."

"இருக்குல்ல? அப்ப என்னை எதுக்கு நடுவுல நிக்க வைக்கிறீங்க? நான் என்ன தபால் பெட்டியா?"

சின்னவர் அன்றே மூன்றாவதாக ஒரு மரக்கட்டை சீவினார். அண்ணனின் ஓட்டைக்கு அளவெடுத்ததுபோல அமைந்தது. ஆனால் அங்கே கட்டவில்லை. தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "வேணும்னா அவர் வாயால கேக்கட்டும்" என்பது அவர் கொள்கை. குடியிருக்க வேறு இடமில்லாத மனிதருக்கு இது கொஞ்சம் ஆடம்பரமான கொள்கைதான்.

கேட்கும் நாள் வந்தது. பக்கத்துப் படகுக்காரர் சும்மா இராமல், "உங்க தம்பி வால்வு சுண்டுவிரல் பட்டாலே திரும்புதே சார், உங்களோடது எப்படி?" என்று பெரியவரிடம் விசாரித்துவிட்டார். பெரியவர் விறுவிறுவென்று உள்ளே இறங்கினார். கைப்பிடியைத் திருகினார், அசையவில்லை. சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். வால்வு கழுத்தோடு கையில் வந்தது.

கடல் கைத்தண்டி கனத்தில் எழும்பியது. பெரியவர் உள்ளங்கையால் அழுத்தினார், முடியவில்லை. குதிகாலை வைத்து ஏறி நின்றார். குதிகாலைச் சுற்றிப் பீய்ச்சியது.

"ஐயோ தம்பி, அந்தக் கட்டையக் குடுங்க!" அண்ணி கத்தினார்.

சின்னவர் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்த கட்டையோடு கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார். "அவரை நேரா கேக்கச் சொல்லுங்க அண்ணி."

"கேக்க மாட்டேன்னு சொல்லுடி."

"கேக்காட்டி கிடையாதுன்னு சொல்லுங்க."

"என் காலே போதும்னு சொல்லு."

தண்ணீர் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி அடுப்படிக்குப் போனது. தாய்மாமனின் தீர்ப்பு அதற்குப் பொருந்தாது போலும். சின்னவர் அவசரமாகக் குனிந்து தன் இரண்டு வால்வுகளையும் மூடினார். வெண்ணெய்போலத் திரும்பின.

அவர் நிமிர்வதற்குள் அண்ணி கட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். பெரியவர், இத்தனை பிடிவாதத்துக்கும் நடுவில், வாகாகக் குதிகாலைத் தூக்கி இடம் விட்டார். அண்ணி அந்தக் காலைப் பார்த்தார். கொழுந்தனைப் பார்த்தார். அலமாரியிலிருந்து தன் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் பேசி முடிச்சதும் சொல்லி அனுப்புங்க. என் தங்கச்சி வீட்லதான் இருப்பேன்."

கட்டையும் அவரோடு படியேறிப் போனது.

அதற்கப்புறம் சின்னவர் இறங்கி வந்ததாகவே சொல்ல வேண்டும். தன் வால்வில் தொங்கிய கட்டையை அவிழ்க்கப் போனார். ஆனால் முடிச்சு அவர் போட்டது. அவராலேயே அவிழ்க்க முடியாத அளவுக்கு நன்றாகப் போட்டிருந்தார். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் இருவரும் ஏணியில் ஒரே நேரத்தில் ஏறி, தோள் சிக்கி, திட்டாமல் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

மதியத்துக்குள் பாய்மரம் மட்டும் வெளியே நின்றது. படகைத் தூக்குகிற கிரேன்காரர் வந்து யார் பொறுப்பு என்று கேட்டார்.

"முன்பக்கத்தாலதான் முழுகிச்சு. அவர்தான் தூக்கணும்னு சொல்லுங்க" என்றார் சின்னவர்.

"நான் தூக்கினா அவன் பங்கும் ஓசில மேல வந்துடுமே, அது எப்படின்னு கேளுங்க" என்றார் பெரியவர்.

கிரேன்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சின்னவர் துறையில் சும்மா நின்ற முத்துக்குளிப்பவர் ஒருவரைக் கெஞ்சி உள்ளே அனுப்பினார். துணி, பாத்திரம் எதையும் எடுத்துவரச் சொல்லவில்லை. பின்பக்கத்து வால்வு இரண்டும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவரச் சொன்னார்.

"ரெண்டும் கெட்டியா மூடியிருக்கு சார். ஒரு சொட்டு உள்ள போகாது."

"பாத்தீங்களா!" என்றார் சின்னவர், துறையில் நின்ற எல்லாரையும் பார்த்து.

எல்லாரும் கலைந்த பிறகுதான், ஈர வேட்டியோடு சுவரில் உட்கார்ந்து, இனி எங்கே படுப்பது என்று யோசிக்கத் தொடங்கினார்.