212-ஆம் நம்பர் எழுதிய கருத்து

புத்தகத்தை வாடகைக்கு விடுவது ஒரு தொழிலே இல்லை. படித்துவிட்டு வருகிறவர்களின் கருத்தை நின்று கேட்பதுதான் தொழில். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று “ம்”, “அப்படியா” என்று தலையாட்டிக் கழுத்து வலித்தவர்கள் உங்களில் இருந்தால், இது உங்களுக்குத்தான்.

பிளஸ் டூ முடித்த கையோடு மேனாம்பேட்டில் ரமணி அக்காவின் வாடகை நூலகத்தில் சேர்ந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, யார் குரலையும் அப்படியே பேசுவது. அக்கா குரலில் போன் போட்டு “புக் எப்பங்க வரும்?” என்றால் மறுநாளே வந்துவிடும். அக்காவின் கணவரே ஒருமுறை ஏமாந்து, வரும்போது கொத்தமல்லி வாங்கி வந்தார்.

ஸ்டேப்ளர்

பள்ளிக்கூடப் பிள்ளைகள் எடுப்பதெல்லாம் பேய், ரத்தக்காட்டேரி, இறக்கை முளைத்தவர்கள் கதைகள்தான். ஒவ்வொன்றும் ஏழு பாகம், எட்டுப் பாகம். பிள்ளைகள் கதை கேட்பார்கள், அம்மாக்கள் விசாரணை நடத்துவார்கள்.

முகப்பேரிலிருந்து ஓர் அம்மா, எட்டாவது படிக்கும் மகளுக்காக வந்தார். ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. “ரொம்ப ரத்தம் வருமேங்க, பரவாயில்லையா?” என்று அக்கறையாகக் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ரத்தம் வந்தா வரட்டும்மா. லவ் எந்தப் பக்கத்துல வருது, அதை மட்டும் சொல்லு. ஸ்டேப்ளர் போட்டுடறேன்.”

இறக்கையும் பையும்

ஆவடியிலிருந்து ஒரு சார் வருவார். தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்த்து ஓய்வு பெற்றவர். பேத்தி படிக்கும் எதையும் முதலில் இவர் படித்து ‘பாஸ்’ பண்ண வேண்டும். அப்போது எல்லாரும் அடித்துக்கொண்டு எடுத்தது ‘சாம்பல் வாசல்’ என்ற வரிசை. இறக்கை முளைத்த ஓர் அக்கா, ஒரு தம்பி. மொத்தம் ஏழு பாகம் என்று அறிவிப்பு, அதுவரை வந்தது நான்கு.

மூன்றாம் பாகத்தைத் திருப்பித் தந்தபோது சார் முகம் இறுகியிருந்தது. கதை பிடிக்கவில்லையோ என்று பார்த்தேன். “முதுகுல ரெக்கை முளைக்குது, சரி. அதுக்கு மேலயே ஸ்கூல் பை மாட்டிக்கிட்டுப் போறானே, எப்படி? இதை எவன்மா செக் பண்ணான்?”

212

எங்கள் நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்திலும் மைதாப் பசை போட்டு ஒரு கோடு போட்ட தாள் ஒட்டியிருக்கும். படித்தவர் ஒரு வரி கருத்து எழுதலாம். பெயர் கிடையாது, உறுப்பினர் எண் மட்டும். அதில் 212-க்குத் தனி மரியாதை. வலப்பக்கம் சாய்ந்த எழுத்து, வரிக்கு வரி இரண்டு புள்ளி. ஆளை நான் பார்த்ததில்லை. நான் சேரும்போதே அவர் வருவது நின்றுபோயிருந்தது. வீடு மாறியிருப்பார் என்றார் அக்கா.

‘சாம்பல் வாசல்’ நான்காம் பாகத்தின் முடிவில் அந்தத் தம்பி நெருப்பில் விழுந்துவிடுகிறான். செத்தானா, இல்லையா என்று கடையில் தினமும் சண்டை. புதிதாக ஐந்தாம் பாகம் வந்து இறங்கியதும் எனக்குக் கை அரித்தது. குரல் மாதிரியே எழுத்தும் எனக்கு வரும். தாளில் முதல் ஆளாக, சாய்த்துச் சாய்த்து எழுதினேன்: ‘யாரும் அழாதீங்க.. தம்பி சாகவில்லை.. ஏழாம் பாகத்தில் கண்டிப்பாகத் திரும்பி வருவான்.. - 212.’

ஒரே மாதத்தில் கீழே ஏழெட்டுப் பேர் ‘212-க்கு நன்றி’ என்று எழுதிவிட்டார்கள். நான் ரேக்குக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கதையே வேண்டாமென்று கிளம்பிய ஒரு பெண் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து சொன்னாள்: “212 சொல்லிட்டாரா? அப்ப வருவான்.”

கார்டு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மண்ணூர்பேட்டையில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். சட்டைப் பையிலிருந்து உறுப்பினர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். 212.

“எம் புள்ள கார்டு, பாப்பா. வண்டில போயிகினு இருந்தான், லாரிக்காரன் இட்சிட்டான். எட்டு மாசம் ஆவுது.” கார்டை ரத்து செய்ய வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. “இந்த சாம்பல் வாசல் கதைய சோறு துன்றப்பல்லாம் சொல்லிகினே இருப்பான். நான் காதுல வாங்கல. இப்ப படிக்கலாம்னு கீறேன்.”

முதல் பாகத்தைக் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தைத் திறக்கவில்லை. பின்னட்டையைத் திறந்தார். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, மகன் எழுதிய வரியைப் படித்தார்: ‘சூப்பர்.. தம்பிதான் என் ஆளு..’ பிறகு கேட்டார். “எல்லா பொஸ்தகத்துலயும் எழுதிக்கீறானா பாப்பா?”

ஐந்தாம் பாகம்

வாரம் ஒரு பாகம் எடுத்தார். ஒவ்வொரு ஞாயிறும் பின்னட்டைதான் முதலில். நான்காம் பாகத்தில் மகன் எழுதியிருந்தது: ‘கடசி பக்கத்துல அளுதுட்டேன்.. அப்பாக்கு தெரியாம..’ அதைப் படித்துவிட்டு அவர் வெகுநேரம் வாசலில் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரம் முழுக்க ஐந்தாம் பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடினேன். அந்தப் பையன் இறந்த பிறகு வந்த புத்தகம் அது. அதில் அவன் எண், அவன் எழுத்து, திரும்பி வருவான் என்ற வாக்கு. பிளேடால் அந்தத் தாளை நெம்பிப் பார்த்தேன். மைதாப் பசை, அட்டையும் கூடவே வந்தது. யார் குரலில் பேசித் தப்பிப்பது என்று யோசித்தேன். ஒரு குரலும் வரவில்லை.

ஞாயிறு வந்தார். “அஞ்சாவதுல இருக்காது, இல்ல? அப்பால வந்த பொஸ்தகம்” என்று சொல்லிக்கொண்டே, பழக்கத்தில் பின்னட்டையைத்தான் திறந்தார். விரல் வரி மீது போனது. நின்றது. மறுபடி முதலிலிருந்து போனது.

“நான் எழுதினதுங்க அங்கிள். விளையாட்டுக்கு. அவர் யார்னு எனக்குத் தெரியாது…”

அவர் கத்தவில்லை. “தெரியுது பாப்பா. ‘அழாதீங்க’ன்னு கரெக்டா போட்டுக்கீற. எம் புள்ளைக்கு இந்த ‘ழ’ வராது. தமிழ் டீச்சர் அட்ச்சிகூட வர்ல. எனக்கும் வராது.” தாளை உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டார். நான் கிழிக்கப் பார்த்த இடத்தில் அட்டை பிய்ந்திருந்தது. அதையும் அழுத்திப் படிய வைத்தார். “ஏழாவது வந்திச்சா?”

“இன்னும் இல்லைங்க. ஆறாவதுதான் வந்திருக்கு.”

ஐந்தாம் பாகத்தை மூடிப் பிடித்துக்கொண்டு படி இறங்கியவர், திரும்பி வந்தார். “ஏழாவது வந்தா மொதல்ல நீ படி. அந்தத் தம்பி வர்லன்னு வெச்சிக்க, பொஸ்தகமே வர்லன்னு சொல்லிடு பாப்பா.”

ஏழாம் பாகம் வந்து மூன்று வாரமாகிறது. வந்த அன்றே கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டேன். ஊரார் குரலிலெல்லாம் பொய் சொல்லித் தீர்த்த நான், ஞாயிறுதோறும் அவரிடம் மட்டும் “இன்னும் வரலைங்க அங்கிள்” என்று என் சொந்தக் குரலில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.