வாப்பா என்ற பெயரின் எல்லை

கட்டாரில் வேலை முடிந்து நான் திரும்பியபோது மகளுக்கு நான்கு வயது. காத்தான்குடியில், வாவிப் பக்கமாக உள்ள மனைவியின் சீதன வீட்டில், அவளுடைய தாய் தகப்பனோடு இருந்தோம். வந்த அன்று மகள் "வாப்பா" என்று கூப்பிட்டாள். நான் எழுந்தேன். அவள் என்னைத் தாண்டி ஓடி மாமாவின் மடியில் ஏறினாள்.

மனைவி தன் தகப்பனான அவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும் அவரே வாப்பா. என்னை அவள் கைபேசித் திரையில்தான் பார்த்திருந்தாள். அங்கே கை காட்டினால் போதும், கூப்பிட வேண்டியதில்லை.

"நான் களவெடுக்கல்ல மகன்," என்றார் மாமா. "அந்தப் பேர நீங்க போட்டுட்டுப் போனீங்க, நான் எடுத்துப் பாவிச்சன்."

வீடே சிரித்தது. நானும்தான்.

கட்டாருக்கு முன் ஒரு பத்திரிகையில் செய்தி திருத்தினேன். இப்போது, வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கணினி நிரல் எழுதப் படித்தேன். வேலை கிடைத்தால் இங்கேயே இருக்கலாம். இருந்தால் அந்தச் சொல் மெல்ல என்னிடம் வரும் என்று நம்பினேன்.

நிரலில் ஒவ்வொரு மதிப்பையும் ஒரு பெயரால் கூப்பிடுவோம். வெளியே அறிவித்த ஒரு பெயரை, உள்ளே ஓர் அடைப்புக்குறிக்குள் வேறொன்றுக்கும் வைக்கலாம். அங்கே கூப்பிட்டால் உள்ளே இருப்பதுதான் வரும். வெளியே இருப்பது அழிவதில்லை, அதன் மதிப்பும் மாறுவதில்லை. அந்த எல்லைக்குள் மறைந்திருக்கும், அவ்வளவுதான். கணினி இதைப் பிழை என்று சொல்வதில்லை.

கொழும்பு நிறுவனமொன்றின் நேர்முகத் தேர்வு காணொளியில் நடந்தது. மறைந்த பெயரை உள்ளேயிருந்து எட்ட முடியுமா என்று கேட்டார்கள். சில மொழிகளில் முடியும், அது எந்த இடத்தைச் சேர்ந்ததோ அந்த இடத்தின் பெயரை முன்னால் சேர்க்க வேண்டும் என்றேன். சரியான விடை. அனுபவமுள்ளவர்களையே எடுக்கிறோம் என்று பிறகு மின்னஞ்சல் வந்தது. மற்ற இடங்களிலிருந்து அதுவும் வரவில்லை.

கட்டாரிலிருந்து பழைய முதலாளி விசா அனுப்பினார்.

"ரெண்டு பேரையும் ஒரே மாதிரிக் கூப்பிட்டா ஆருக்கு விளங்கும்?" என்று மனைவி மகளைப் பிடித்து நிறுத்தினாள். "இவரு கட்டார் வாப்பா. சொல்லுங்க பாப்பம்."

மகள் சொன்னாள். அதன்பின் ஒரு தடவையும் தவறவில்லை.

புறப்படும் அன்று வேனில் பெட்டியை ஏற்றும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"கட்டார் வாப்பா, உங்கட ஊட்டுக்கா போறீங்க?"

மாமா கேட்காதவர் போல வேனின் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஓம் மகள்," என்றேன்.