கப்பலில் ஒருவருக்கு இடது கையானேன்

எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம். நானும் கணவரும் டென்மார்க்கின் ஒடென்சே நகரிலிருந்து தலைநகர் கோபன்ஹேகனுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அன்று பிற்பகல் எங்கள் அகதி விண்ணப்பம் பற்றிய விசாரணை. அப்போது கடலுக்கு மேலே பாலம் கிடையாது. ரயிலையே கப்பலில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவார்கள்.

அன்று கடல் உறைந்து கிடந்தது. பாதி வழியில் கப்பல் நின்றுவிட்டது. ஐஸ் உடைக்கும் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சன்னலுக்கு வெளியே வானமும் கடலும் ஒரே வெள்ளை. நேரத்துக்குப் போகாவிட்டால் இலங்கைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று கணவரின் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் ஒரு பழைய பியானோ இருந்தது. அதன் முன்னால் ஒரு கறுப்பு அமெரிக்கர் ஒற்றைக் கையால் வாசித்துக்கொண்டிருந்தார். இடது மணிக்கட்டில் சால்வையைச் சுற்றியிருந்தார். காலையில் ரயில் நிலையத்தில் சறுக்கி விழுந்தாராம். நான் பக்கத்தில் போய் நின்றதும் தானாகவே கதைக்கத் தொடங்கினார். ஜாஸ் கலைஞர். ஒரு வாரக் கச்சேரிக்கென்று டென்மார்க் வந்தவர், இங்கே ஆட்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பதைப் பார்த்துத் தங்கிவிட்டார். அதுவரை வருடக்கணக்காக மற்றவர்களின் பாடல்களுக்குப் பின்னணி வாசித்தவருக்கு, அன்றுதான் தன் சொந்த இசையை முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பதிவு செய்யும் நாள். சொல்லிவிட்டு வீங்கிய விரல்களைப் பார்த்தார். பிறகு, உனக்கு வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார்.

மன்னாரில் எங்கள் மாதா கோயிலில் நான்தான் ஓர்கன் வாசிப்பேன். ஊரைவிட்டு வந்தபிறகு எதையும் தொடவில்லை. நகரப் பார்த்தேன். கணவர் விடவில்லை.

"இஞ்சரும், கேக்கிறாரெல்லே. போய் இரும்."

"எனக்குக் கை மறந்துபோச்சுது."

"மறந்ததை வாசியும். இந்தக் கப்பலிலை ஆருக்குத் தெரியப்போகுது?"

யாரோ தானமாகக் கொடுத்த கோட்டின் நீளக் கையை மடித்துவிட்டு அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். மூன்றே சுரங்களைக் காட்டி, இதையே திரும்பத் திரும்ப வாசி என்றார். வாசித்தேன். அவருடைய வலது கை அதன்மேல் மெல்ல நடக்கத் தொடங்கியது. கப்பலின் அடியில் ஐஸ் முனகிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்பதே தெரியவில்லை. விரல்கள் தம்பாட்டில் நழுவி, திருப்பலியில் வாசிக்கும் ஒரு பழைய கீதத்துக்குள் போய்விட்டன. பிழையாக வாசித்துவிட்டேன் என்று பயந்து கையை எடுக்கப் போனேன். அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். நிறுத்தாமல், என் கீதத்துக்குள்ளேயே வந்து சேர்ந்துகொண்டார். கூடத்தில் பேச்சு அடங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வெள்ளை மங்கி நீலமானபோதுதான் கப்பல் அசைந்தது. அக்கரையில் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். எங்களை அடுத்த நாள் விசாரித்தார்கள். பிந்தியதற்கு யாரும் ஒரு வார்த்தை ஏசவில்லை. பாதி நாடே அன்று ஐஸில் மாட்டிக்கொண்டிருந்ததாம்.

கோடையில் ஒடென்சேயின் பூங்கா ஒன்றில் ஒரு பகல் கச்சேரி. வழியில் போன நாங்கள் எட்டிப் பார்த்தால், மேடையில் அவர்! இசைத்தட்டு வெளிவந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அவருடைய இடது கை முயல்குட்டி மாதிரித் துள்ளி ஓடிக்கொண்டிருந்தது.

"போய்க் கதைப்பமே?" என்றார் கணவர்.

"வேண்டாம். வாசிக்கட்டும்," என்றேன். முடியும்வரை மரத்தடியில் நின்று கேட்டுவிட்டு வந்தோம்.

அடுத்த ஞாயிறே இங்குள்ள கோயிலில் ஓர்கன் வாசிக்கக் கேட்டுப் போனேன், இன்றும் வாசிக்கிறேன். இந்த நாட்டுக்கு எப்போது வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் வாய் ஒரு வருடத்தைச் சொல்லும். மனம் மட்டும், எந்தக் கரையிலும் சேராமல் நின்ற அந்தக் கப்பலில் வாசித்த அன்றுதான் நான் வந்திறங்கினேன் என்று சொல்லிக்கொள்ளும்.