ஏவுகணையின் மஞ்சள் பட்டை

பல் செட் செய்து பிழைக்கிற மனிதருக்குப் போர் விமானத்தோடு என்ன உறவு என்று, கல்யாணமான புதிதில் அவர் மனைவி கேட்டாள். பதிலுக்கு அவர் தீக்குச்சி நீளத்தில் ஒரு ஏவுகணையை இடுக்கியால் தூக்கிக் காட்டினார். அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வார நாட்களில் மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்து யார் யாருக்கோ கடைவாய்ப்பல் செய்வார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சன்னலோர மேஜையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் விமானம் ஒட்டுவார். விமானத்தின் உடம்பை யார் வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம், இறக்கையில் தொங்கும் ஏவுகணையில்தான் ஆளின் வண்டவாளம் தெரியும் என்பது அவர் கட்சி. அது இரண்டு பாதியாக வரும். ஒட்டினால் நடுவில் ஒரு தழும்பு நிற்கும். அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் அதிகம் தேய்த்தால் உருண்டை சப்பையாகிவிடும். துடுப்பு நாலும் சாயாமல் நிற்க வேண்டும். கடைசியில் பட்டை. பயிற்சிக்கு மாட்டுகிற வெற்று ஏவுகணைக்கு நீலப் பட்டை. உள்ளே வெடிமருந்து இருந்தால் மஞ்சள். ஒரு மில்லிமீட்டர் அகலம்தான், ஆனால் அதில் தப்பு செய்தால் மாடல் செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் மானம் கப்பலேறிவிடும்.

ஒரே மகள். அந்த மேஜைக்கடியில் தவழ்ந்து வளர்ந்தவள். ஏழு வயதிலேயே, "அப்பா, இந்த ஏவுகணையை இறக்கை நுனியில மாட்டமாட்டாங்க" என்று அடம்பிடித்து, காய்ந்த பசையை உடைக்க வைத்தவள். அப்பா என்றும் பார்க்கமாட்டாள், தப்பென்றால் தப்புதான். அவள் இப்போது விமானப்படையில் இருக்கிறாள். நிஜ ஏவுகணையை நிஜ இறக்கையில் மாட்டுகிற குழுவில் வேலை. இதை அவர் பல் மருத்துவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அவர்கள் போனை எடுக்கவே பயந்தார்கள்.

மூன்று வாரமாக எல்லையில் முறைப்பு. வழக்கமான பயிற்சிதான் என்றது அரசாங்கம். மகளும் போனில் அதையே ஒப்பித்தாள். பத்து நாளில் லீவில் வருகிறாளாம். அவர் மனைவி மகளின் அறையை ஒழித்து, திரைச்சீலையைத் துவைத்துப் போட்டிருந்தாள்.

அந்த ஞாயிறு காலை குழு அமளிதுமளிப்பட்டது. விமானப்படை தன் இணையப் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தது. இறக்கைக்கு அடியில் நாலு பேர் ஒரு ஏவுகணையைத் தோளில் தாங்கிப் பொருத்துகிறார்கள். குழுவில் எல்லோரிடமும் குற்றம் கண்டுபிடிப்பதால் 'தணிக்கை' என்று பெயர் வாங்கிய ஆசாமி எழுதியிருந்தார்: "மஞ்சப் பட்டை! கடைசியில நிஜச் சரக்கு படம் கிடைச்சிருச்சு நண்பர்களே! அந்தப் பொண்ணு மட்டும் கொஞ்சம் நகர்ந்திருந்தா பின் துடுப்பும் முழுசா தெரிஞ்சிருக்கும்."

அந்தப் பொண்ணு அவர் பெண்.

படத்தைப் பெரிதாக்கினார். முகம் பாதிதான் தெரிந்தது, ஆனால் காது அவர் அம்மாவின் காது. அந்தக் காதுக்கு ஒரு சாண் தள்ளி மஞ்சள் பட்டை. இன்னொரு ஏவுகணை, அதிலும் மஞ்சள். நீலம் எங்கேயும் இல்லை. பயிற்சிக்கு யாரும் வெடிமருந்து நிரப்பி இறக்கை முழுக்க மாட்டுவதில்லை. சண்டை வந்தால் எதிரி முதலில் குறிவைப்பது விமானத்தளத்தைத்தான். இதெல்லாம் அவருக்குத் தெரியும். இருபத்தைந்து வருஷம் ஆசை ஆசையாகச் சேர்த்த அறிவு அது. இப்போது அதைப் பிடுங்கி எறிய வழியில்லை.

குழுவில் ஆளாளுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அத்தனை பேரையும் செவிட்டில் அறைய வேண்டும்போல இருந்தது. போன வாரம்வரை அவரும் இப்படிக் கைதட்டியவர்தான்.

"யாருங்க, காலையிலேயே இத்தனை மெசேஜ்?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"வேற யாரு, வேலையத்தவங்க" என்று போனைக் கவிழ்த்து வைத்தார். அவளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் தாங்கமாட்டாள். மேஜைமேல் இருந்த மஞ்சள் பெயிண்ட் டப்பாவைக்கூட எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினார்.

மதியம் மகள் கூப்பிட்டாள். அவள் அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டு முடிக்கட்டும் என்று அவர் காத்திருந்தார். அங்கே நடப்பதை அவள் போனில் சொல்லக்கூடாது, அப்பாவாக இருந்தாலும் கேட்கக்கூடாது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"பாப்பா, உன் விமானத்தைத்தான் ஒட்டிட்டு இருக்கேன். ஏவுகணைக்கு என்ன பட்டை அடிக்கட்டும்?"

அந்தப் பக்கம் தூரத்தில் ஏதோ இயந்திரம் உறுமுவது மட்டும் கேட்டது.

"நீலம் அடிங்கப்பா."

"நிச்சயமாவா?"

"நீலந்தாம்ப்பா. லீவு கொஞ்சம் தள்ளிப்போகும்போல இருக்கு. அம்மாவைப் பார்த்துக்கங்க. வச்சிடறேன்."

ஒரு துடுப்பு அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும் சண்டைக்கு நிற்கிறவள், தெரிந்தே அவருக்குத் தப்பான நிறம் சொல்கிறாள். படத்தைப் பார்த்தபோதுகூட அவருக்கு இவ்வளவு பயம் வரவில்லை. மனைவி முன்னால் காட்டிக்கொள்ளக்கூடாதே என்று ஏவுகணையைக் கையில் எடுத்தார். அது விரலிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

மனைவி குனிந்து எடுத்தாள். எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் படத்தைக் காலையில நீங்க எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன்" என்றாள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "உனக்கு... பட்டை..."

"இருபத்தஞ்சு வருஷமா இந்த மேஜையைத் துடைக்கிறேன். எனக்குத் தெரியாதா? உங்களுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டீங்கன்னு பேசாம இருந்தேன்."

அவர் இழுப்பறையைத் திறந்து மஞ்சள் டப்பாவை வெளியே எடுத்தார். இனி யாரிடம் மறைக்க? அவள் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, நீல டப்பாவின் மூடியைத் திருகினாள்.

"நீலமே அடிங்க."

"அது தப்பு இல்லையா?"

"தப்புதான். தப்புன்னு சண்டை போட அவ வரட்டும்."

அவள் இடுக்கியால் ஏவுகணையைப் பிடித்துக்கொண்டாள். அவர் தூரிகையை நீலத்தில் தோய்த்தார்.