இடது பக்கம் சாய்ந்த இருநூறு செட்டுகள்

ஆம்ப், ஸ்பீக்கர், டெக் என்று பாட்டு செட்டில் எது மக்கர் செய்தாலும் அந்த வட்டாரம் போய் நிற்பது ஒரே கடையில்தான். கடைக்காரரின் பட்டப்பெயர் நடுசென்டர். ஆம்பைச் சரிசெய்து முடித்ததும் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நேர் நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, இரு பக்கச் சத்தத்தையும் சமன்செய்ய உள்ளே இருக்கும் குட்டித் திருகைத் திருப்புவார். பாடுகிறவர் சரியாக எதிரே வந்து நின்றதும், "நடுசென்டர்!" என்பார். திருகு அசையாமலிருக்க மனைவியின் நெயில் பாலிஷில் ஒரு சொட்டு. ஒன்பது வருஷமாக இதுதான் அவர் வேலையின் முத்திரை.

இடது பக்கம் நின்று கூப்பிட்டால் மனுஷன் திரும்புவதே இல்லை என்று மனைவி போன மாதம் அவரைக் காது டாக்டரிடம் இழுத்துப் போனார். டாக்டர் இடது காதில் வெந்நீரைப் பீய்ச்சினார். தட்டில் விழுந்ததைப் பார்த்து நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இத்தன நாளா நான் பேசுனதெல்லாம் இதுலதான் மாட்டிக்கிட்டு இருந்திருக்கு," என்றார் மனைவி.

நடுசென்டர் கடைக்கு வந்து ஒரு செட்டைப் போட்டார். பாட்டு இடது ஸ்பீக்கரிலேயே குடியிருந்தது. ஸ்பீக்கர்களை இடம் மாற்றினார். அப்போதும் இடதுதான். டெலிவரிக்குக் காத்திருந்த ஏழு செட்டும் அப்படியே. ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். பழுது எதிலும் இல்லை. தன் காதின் அடைப்புக்கு ஈடுகட்டியே இருநூறு வீட்டுப் பாட்டை இடது பக்கம் சாய்த்து வைத்திருக்கிறார்!

எல்லாவற்றையும் இலவசமாகச் சரிசெய்து தருவதென்று கிளம்பினார். முதல் வீடு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருடையது. திருகை நேராக்கியதும் வாத்தியார் சோபாவில் சாய்ந்து பாட்டைக் கேட்டார்.

"ஏம்பா, நல்லா இருந்தத கெடுத்துட்டியே! பாட்டு ஜன்னலுக்கு வெளிய போய் நிக்குது."

நடுசென்டர் அப்போதுதான் சோபாவைக் கவனித்தார். இடது பக்கச் சத்தத்துக்குத் தப்பி அங்குலம் அங்குலமாக நகர்ந்து, அது வலது ஸ்பீக்கரை உரசிக்கொண்டு கிடந்தது. நடுவில் பீரோ குடியேறியிருந்தது.

"சார், இது என் காது அழுக்கால வந்த தப்பு. சோபாவ மட்டும் நடுவுல போட்டுட்டீங்கன்னா..."

"உன் காதுல அழுக்கு இருந்ததுக்கு நான் பீரோவத் தூக்கணுமா?"

சாயங்காலத்துக்குள் செய்தி பரவியது: டாக்டர் நடுசென்டரின் காதைக் கெடுத்துவிட்டாராம். ஏழு செட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள், செட்டை வேறு கடைக்குத் தூக்கிப்போக. ஒருவர் அவர் தோளைத் தடவி, "பெரிய ஆஸ்பத்திரியில காட்டலாம்ணே," என்றார். பேரும் கடையும் ஒரே நாளில் போய்விடும் போலிருந்தது.

மனைவி பஞ்சை உருட்டினார்.

"காதைக் காட்டுங்க. அந்த வாத்தியார் வீட்டுலயே போய் முடிச்சுட்டு வந்துருவோம்."

எல்லோரும் ஊர்வலமாகப் போனார்கள். வாத்தியார் சோபாவில், நடுசென்டர் பீரோவுக்கு முன்னால் ஸ்டூலில். ஒரு உருண்டை போதவில்லை. மனைவி இரண்டாவதையும் திணித்தார். திருகு மெல்லத் திரும்பியது. வாத்தியார் கையை உயர்த்தினார்.

"நிறுத்து! இதோ வந்து நின்னுட்டார்யா பாடுறவர். இப்பதான் உனக்குக் காது சரியாச்சு."

ஏழு பேரும் கைதட்டினார்கள். கடைக்குத் திரும்பியதும் அவர்களுடைய செட்டுகளைப் பஞ்சோடு ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். எதையும் தொடவேண்டியிருக்கவில்லை. அப்படியே கட்டிக் கொடுத்தனுப்பினார்.